கூதிர்காலத்து வீடு: கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்கு முன்னேற்பாடு – ஒரு வரலாற்றுப் பார்வை



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பருவங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்திற்காக நான் கொண்டு சென்ற படத்தில் இலையுதிர்காலத்து வீடு ஒன்று இருந்தது. தந்தை விறகு பிளந்து அடுக்குகிறார். தாய் கம்பளி ஆடைகளை வெயிலில் உலர்த்துகிறார். சிறுவன் ஒருவன் சன்னல் இடுக்குகளில் துணி வைத்து அடைக்கிறான். குளிர்நாட்டு மக்கள் பனிக்காலம் வருமுன்னரே வீட்டை ஆயத்தப்படுத்துவார்கள் என்று விளக்கினேன். பின் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், அவங்களுக்குக் குளிர்காலம் வருது. நம்ம வீட்டுல நாம எதுக்கு டீச்சர் தயார் பண்ணணும்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வீட்டின் பெரும்பகுதிப் பொருள்களை இழந்த குடும்பங்களில் அவளுடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவள் சிறுமி. அந்தக் கேள்விக்கு அன்று வகுப்பில் அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

தமிழருக்கு உண்டா இலையுதிர்காலம்?

ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிப்பது மேலைநாட்டார் வழக்கம். நம் முன்னோரோ ஆறாகப் பிரித்தனர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த காலம். ஏறத்தாழ அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. மேலைநாடுகளில் இலை உதிரும் அதே நாள்களில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், வாடைக்காற்று வீசும்.

இந்தக் கூதிர்காலத்தில் ஒரு வீடு எப்படி மாறுகிறது என்பதைச் சங்க இலக்கியமே பதிவு செய்திருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையை நக்கீரர் 188 அடிகளில் பாடியிருக்கிறார். வேனிலில் ஓயாமல் இயங்கிய விசிறிகள் மடக்கப்பட்டு முளைகளில் தொங்குகின்றன. அவற்றில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. மேல்மாடத்துச் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. குளிர்ந்த நீருள்ள கலத்தை யாரும் நாடுவதில்லை. முதியவரும் இளையவரும் நெருப்புச் சட்டியைச் சூழ்ந்திருக்கிறார்கள். மகளிர் அகில் புகை எழுப்புகிறார்கள். பருவத்திற்கேற்ப வீட்டை மாற்றியமைக்கும் கலையைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே பாட்டின் தொடக்கத்தில் வேறொரு காட்சியும் இருக்கிறது. வெள்ளத்தால் தம் இடத்தை விட்டு, ஆநிரைகளோடு மேட்டுநிலத்திற்குப் பெயர்ந்த கோவலர்கள் குளிரில் நடுங்கியபடி தீயில் கைகாய்ச்சிக் கொண்டிருக்கிறார்கள். ஒரே மழைதான். மாடத்தில் இருப்பவர்க்குச் சாளரத்தை அடைத்தால் போதும். தாழ்நிலத்தில் இருப்பவர் இடம்விட்டு ஓடவேண்டும். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரையின் இறுதிவரை அது நம்மோடு வரும்.

நம் பள்ளத்தாக்கின் பருவம்

மலேசியாவில் வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் இல்லை என்று பலரும் சொல்வதுண்டு. அது முற்றிலும் சரியன்று. கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று பெருமழை கொணர்வதை எல்லாரும் அறிவர். மேற்குக் கரையில் உள்ள நமக்கோ ஆண்டில் இரு மழை உச்சங்கள் உண்டு. ஒன்று ஏப்ரல், மே மாதங்களில். மற்றொன்று அக்டோபர், நவம்பர் மாதங்களில். காலையில் சுள்ளென்ற வெயில், பிற்பகலில் கருமேகம், மாலையில் இடியோடு கொட்டும் மழை என்பது அந்நாள்களின் வழக்கம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்தே வளர்ந்தவர்கள் இங்கு வந்தபோது, அதே மாதங்களில் இங்கும் மழை வலுப்பதைக் கண்டார்கள். நாடு மாறியது, நாள்காட்டி மாறவில்லை. நம் மூதாதையர் கொண்டுவந்த பழக்கங்கள் இம்மண்ணில் நிலைத்ததற்கு இந்த ஒற்றுமை ஒரு காரணம் என்பது என் கருத்து.

செங்கல் சூளையும் ஒரு நகரமும்

கோலாலம்பூர் 1857ஆம் ஆண்டு ஈய வேட்டைக்காகக் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த குடியிருப்பு. சேற்றுக் கூடல் என்பதே அதன் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். மரச்சட்டங்களும் அத்தாப்புக் கூரைகளும்தான் தொடக்கக் காலத்து வீடுகள். 1881ஆம் ஆண்டு சனவரியில் பெருந்தீ நகரை எரித்தது. மீண்டும் எழுப்பிய வீடுகளை அதே ஆண்டு இறுதியில் வெள்ளம் அரித்தது. ஒரே ஆண்டில் நெருப்பும் நீரும்!

அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்ட்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று பணித்தார். அதற்குத் தேவையான செங்கல்லுக்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் நகருக்குத் தெற்கே சூளைகளை ஏற்படுத்தினார். அந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். இன்று தீபாவளிக்கு முன் நாம் சேலையும் முறுக்கும் வாங்கச் செல்லும் அந்தத் தெருக்களின் பெயர், வீடுகளை இடரிலிருந்து காக்கும் முயற்சியில் பிறந்த பெயர் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில்பாதை திறக்கப்பட்டது. பின்னர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே பணிமனைக்கும் ஊழியர் குடியிருப்புகளுக்கும் உரிய இடமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் அங்கே குடியேறினர். செங்கல் வீடு கிடைத்தவர்கள் அவர்கள். ஆயினும் நம்மவரில் பெரும்பாலோர்க்கு வாய்த்தது வேறுவகை வீடு.

லயன் வீட்டின் ஐப்பசி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியதும் கிள்ளானைச் சுற்றியும் கோலாலம்பூரைச் சுற்றியும் தோட்டங்கள் பெருகின. தோட்டத் தொழிலாளர்க்குத் தரப்பட்டவை லயன் வீடுகள். நீண்ட ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள், முன்னால் ஓர் அஞ்சடி, பின்னால் அடுப்படி. பல தோட்டங்களில் அவை மரத்தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தன. தொடக்கத்தில் நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை, பின்னர் தகரம்.

என் பாட்டி வாழ்ந்தது கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில். 1980களில் பள்ளி விடுமுறைதோறும் நான் அங்கேதான் இருப்பேன். ஆண்டிறுதி விடுமுறை தொடங்குமுன்பே, தீபாவளிக்காக நாங்கள் செல்லும்போது, லயத்தில் ஒரு பரபரப்பு தெரியும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் பண்டம் சுடுவதும் மட்டுமே என் கண்ணுக்குப் பட்டன. அவற்றுக்கு நடுவே வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது என்பது பெரியவளான பின்னர்தான் விளங்கிற்று.

தாத்தா ஏணி வைத்துக் கூரைமேல் ஏறுவார். தகரத்தில் ஆணி அடித்த இடங்களில் துரு தின்ற ஓட்டைகளைத் தார் பூசி அடைப்பார். அவருடைய சிறுவயதில் அத்தாப்புக் கூரையாக இருந்தபோது, நைந்த ஓலையை மழைக்கு முன் மாற்றுவார்களாம். கீழே பாட்டி இரப்பர் விறகை அடுக்குவார். அடியில் குறுக்குக் கட்டைகள் இட்டு, தரை ஈரம் ஏறாதபடி அடுக்கவேண்டும். கோழிக்கூண்டுக்கு உயரமான கால்கள் கட்டப்படும். வீட்டைச் சுற்றிய புல் வெட்டப்படும். வெள்ளம் வந்தால் பாம்பு உலர்ந்த இடம் தேடி வரும் அல்லவா? அரிசி, உப்பு, கருவாடு, வற்றல், மண்ணெண்ணெய் எல்லாம் ஒரு மாதத்திற்கு வேண்டிய அளவு வந்து சேரும். தீப்பெட்டிகள் தகர டப்பாவுக்குள் போகும். துணிமணி இருக்கும் தகரப் பெட்டியின் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து உயர்த்துவார்கள்.

இதில் உணவுச் சேமிப்புக்கு ஒரு காரணம் உண்டு. மழை பெய்தால் இரப்பர் மரத்தின் பட்டை நனையும். நனைந்த பட்டையில் பால் வெட்டுக்கோட்டின் வழியே ஓடாமல் மரமெங்கும் வழிந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலும் மழைநீரோடு கலந்து வீணாகும். ஆகவே அந்நாளில் மழை என்றால் வேலையில்லை. வேலையில்லை என்றால் அன்றைய கூலியும் இல்லை. குளிர்நாட்டு உழவர் பனிக்காலத்தில் நிலம் உறைந்துபோவதை எண்ணித் தானியம் சேர்ப்பார். நம் பாட்டி மழைநாளில் மரம் வெட்ட முடியாமற் போவதை எண்ணி அரிசி சேர்த்தார். இரண்டும் ஒரே அறிவுதான்.

ஒருமுறை நான், "இன்னும் மழையே வரலையே பாட்டி, இப்பவே ஏன்?" என்று கேட்டேன். "எல்லாம் காய்ஞ்சு கெடக்கும்போதே செய்யணும்டி. நனைஞ்ச பிறகு செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார்.

இவை ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே செய்தவை. எல்லாரும் கூடிச் செய்த வேலை ஒன்றும் இருந்தது: வாய்க்கால் வெட்டுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கி, அடுப்படிப் பின்புறம் ஓடும் வாய்க்காலைத் தொடக்கம் முதல் முடிவுவரை தூர்வாருவார்கள். முதல் வீட்டின்முன் அடைத்துக்கொண்டால் பத்தாவது வீட்டில் நீர் நிற்கும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். தமிழ்நாட்டு ஊர்களில் மழைக்கு முன் ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடிச் சீர்செய்த குடிமராமத்தின் தோட்டத்து வடிவம் இது எனலாம். மலாய்க் கிராமங்களின் கோத்தோங் ரோயோங்கும் இதற்கு உறவுமுறையே.

உத்தரத்தில் தொங்கிய டின்

இத்தனை ஏற்பாடுகளிலும் பாட்டி தம் கையாலேயே செய்தது ஒன்று உண்டு. சதுரமான ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கி, துடைத்து, உள்ளிருக்கும் தாள்களை வெயிலில் காட்டி, மீண்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து, கூரை உத்தரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார். வீட்டிலேயே உயரமான இடம் அது. குழந்தைகள் தொட அனுமதி இல்லை.

அதற்குள் நகை இருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இருந்தவை பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் தடுப்பூசி அட்டைகளும். வெறும் தாள்கள்!

அந்தத் தாள்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? வரலாறு தெரிந்தால் புரியும். மலாயாவில் அடையாள அட்டை 1948ஆம் ஆண்டு, அவசரகாலத்தின் தொடக்கத்தில் அறிமுகமாயிற்று. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு விரிந்தது. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாமையாலும், பிறந்ததற்குச் சான்று காட்ட இயலாமையாலும், அலுவலகம் தொலைவில் இருந்ததாலும் தோட்டத்து மக்களுள் பலர் குடியுரிமை பெறாமலே இருந்துவிட்டனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்றது அது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் கலங்கினர். பல்லாயிரக்கணக்கானோர் தாம் உழைத்த மண்ணை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். பாட்டியின் அண்டை வீட்டாரும் அவர்களுள் அடங்குவர். ஒரு தாள் இருந்தவர் இருந்தார், இல்லாதவர் போனார். அதைக் கண்ணால் கண்டவர் தம் வீட்டின் தாள்களை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டதில் வியப்பென்ன?

ஆற்றை அடக்கும் முயற்சி

தோட்டத்தில் மக்கள் தத்தம் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அரசாங்கமும் ஆற்றைக் கட்டுப்படுத்த முயன்றுகொண்டிருந்தது. கிள்ளான் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றி, கோலாலம்பூர், ஷா ஆலாம், கிள்ளான் வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 1926ஆம் ஆண்டு தீபகற்பத்தின் பல மாநிலங்களை மூழ்கடித்த பெருவெள்ளம் கோலாலம்பூரையும் விட்டுவைக்கவில்லை. அதன்பின் நகருக்குள் ஆற்றை நேராக்கிக் கரை கட்டும் பணிகள் நடைபெற்றன. 1932இல் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோற்றுவிக்கப்பட்டது. 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது.

ஆயினும் 1971ஆம் ஆண்டு சனவரியில் கிள்ளான், கோம்பாக், பத்து ஆறுகள் ஒருசேரப் பெருகின. கோலாலம்பூரில் 32 பேர் மாண்டனர்; ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் சனவரி 5ஆம் நாள் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். அப்போது ஆற்றோரம் குடியிருந்த என் தாய்மாமன், முட்டளவு நீரில் தம் பெண்ணைத் தோளில் சுமந்து நடந்ததை இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி வந்தது பெருசில்ல, போன பிறகு இருந்த சேறுதான் பெருசு" என்பார்.

அந்த வெள்ளம் ஒரு திருப்புமுனை. 1972 முதல் வெள்ளத் தடுப்புப் பொறுப்பு வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987இல் பத்து அணை முடிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதை உலகின் கவனத்தை ஈர்த்தது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தின் ஒரு பகுதியில் வாகனங்கள் ஓடும். மிதமான வெள்ளம் வந்தால் சாலைக்குக் கீழுள்ள அறை வழியாக நீர் செல்லும். பெருவெள்ளம் வந்தால் வாகனங்களை அப்புறப்படுத்திச் சாலையையே நீருக்கு விட்டுவிடுவார்கள். பொறியியல் திறனுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. கோலாலம்பூர் நகர மையத்தைக் காப்பதே இதன் நோக்கம் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தாழ்நிலங்களுக்கு அது காவலன்று.

நாள்காட்டியைத் தொலைத்த தலைமுறை

இதனிடையே தோட்டங்கள் மறைந்துகொண்டிருந்தன. எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் பெட்டாலிங் ஜெயாவும், சீஃபீல்டு தோட்டத்து நிலத்தில் சுபாங் ஜெயாவும் எழுந்தன. மரங்கள் உறிஞ்சிய மழைநீர் இப்போது தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தரையிலும் விழுந்து, நேரே கால்வாய்க்கும் ஆற்றுக்கும் ஓடுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களுள் பல, விலை கட்டுப்படியான தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. கட்டுப்படியான நிலம் பல வேளைகளில் தாழ்ந்த நிலமாகவும் இருந்தது. நெடுநல்வாடையின் கோவலர் நினைவுக்கு வருகிறார்களா?

கல்வீடு கிடைத்தது, நல்லது. குழாய்நீர், மின்சாரம், எரிவாயு அடுப்பு எல்லாம் வந்தன, மிக நல்லது. லயன் வாழ்வின் வறுமையை நான் புகழ வரவில்லை. ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்றை நாம் வழியிலேயே விட்டுவிட்டோம். கூரை ஓடாயிற்று, எனவே ஏணியை மறந்தோம். வாய்க்காலைத் தூர்வாருவது நகராட்சியின் வேலை என்றாயிற்று, எனவே மண்வெட்டியை மறந்தோம். வீடு தரையோடு தரையாகக் கட்டப்பட்டது. சோபாவும் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் அந்தத் தரையில் அமர்ந்தன. அடையாளப் பத்திரங்கள் அலமாரியின் கீழ் இழுப்பறைக்குள் போயின. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கம் மட்டும் எஞ்சியது. அதன் மற்றொரு பாதியான மழை முன்னேற்பாடு உதிர்ந்துபோயிற்று.

2021ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 4ஆம் நாள் வந்தது. எல்லா வீடுகளும் பளிச்சென்று இருந்தன. ஆறு வாரங்கள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய மழை மறுநாளும் ஓயவில்லை. ஒரு மாதத்திற்குரிய மழை ஒரே நாளில் பெய்தது என்றனர் அதிகாரிகள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளானின் பல பகுதிகள், உலு லங்காட் ஆகியவை நீரில் மூழ்கின. ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் நாள்கணக்கில் உதவிக்காகக் காத்திருந்தனர். படகு வைத்திருந்த பொதுமக்கள் தாமாகவே வந்து பலரை மீட்டனர். நாடு முழுவதும் அந்தப் பருவத்து வெள்ளங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

சனவரியில் பள்ளி திறந்தபோது என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பயிற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். உலர்த்தி உலர்த்தி அது இரு மடங்கு தடித்திருந்தது. எழுத்தெல்லாம் நீல நிறக் கறையாகக் கரைந்திருந்தது. "அம்மா இஸ்திரி போட்டுக் குடுத்தாங்க டீச்சர்" என்றான். அவனுக்குப் புதுப் புத்தகம் கொடுத்துவிட்டோம். அவன் தாயாருக்கு இருந்த கவலை வேறு. குடும்பத்தின் பிறப்புப் பத்திரங்களும் திருமணப் பதிவும் இழுப்பறையோடு சேற்றில் போயிருந்தன. ஒவ்வொன்றாக மறுபடி பெறுவதற்குள் அவர் பட்ட அலைச்சலை அருகிலிருந்து பார்த்தேன். அன்றிரவு பாட்டியின் டின்தான் என் நினைவில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த டின் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அம்மா அதில் ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்திருந்தார், தையல் இயந்திரத்தின் காலடியில்.

நாம் செய்யக்கூடியது

அணைகளும் சுரங்கங்களும் நீரேற்று நிலையங்களும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களாகிய நம் உரிமை. தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதித்துவிட்டு, வெள்ளத்திற்குக் குடியிருப்போரைக் குறைசொல்வது முறையாகாது. ஆயினும் பெரிய அணை வரும்வரை சிறிய ஏணியை எடுக்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

புதிய பழக்கம் எதையும் நான் சொல்லவில்லை. தீபாவளிச் சுத்தத்தோடு அதன் மறந்துபோன பாதியை மீண்டும் ஒட்டவைப்போம். புரட்டாசி முடிந்து வீட்டைத் துடைக்கத் தொடங்கும்போதே, கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகுகளை அகற்றுவோம். ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் அங்கேதான். டிங்கிக்கும் அது மருந்து. வீட்டு முன் கால்வாயை அண்டை வீட்டார் சீனரானாலும் மலாய்க்காரரானாலும் அவர்களோடு சேர்ந்து ஒருநாள் தூர்வாருவோம். தாழ்வான இடங்களில் உள்ள மின்கருவிகளை உயர்த்தி வைப்போம். நீர் வீட்டுக்குள் வருமுன் மின்சாரத்தின் முதன்மை விசையை அணைக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். மருந்து, குடிநீர், கைவிளக்கு, பிள்ளையின் ஒரு மாற்றுடை ஆகியவற்றை ஒரு பையில் வைப்போம். அருகிலுள்ள துயர்துடைப்பு மையம் எது, மேட்டு வழி எது என்று அறிந்துகொள்வோம். வெள்ளநீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் மறவாதிருப்போம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவங்கள் பாடத்தில் பனிமனிதனைக் காட்டுங்கள், தவறில்லை. கூடவே கூதிர்காலத்தையும் காட்டுங்கள். தாத்தா பாட்டியிடம் "மழைக்கு முன்னே தோட்டத்துல என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். நான் இவ்வாண்டு அப்படிச் செய்தேன். முப்பத்தொரு மாணவருள் இருபத்திரண்டு பேர் எழுதி வந்தனர். கூரைக்குத் தார், உப்புக்கண்டம், உயர்த்திய ஆட்டுப்பட்டி, நெருப்பு அணையாமல் சாம்பலில் மூடிய கங்கு என்று அவர்கள் கொண்டுவந்தவற்றுள் எனக்கே தெரியாத செய்திகள் பல. சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாட்டி சொன்னதுபோல், காய்ந்து கிடக்கும்போதே செய்யவேண்டிய வேலை அதுவும்.

கேள்வி கேட்ட அந்த மாணவி தன் தாளில் எழுதியிருந்தது இரண்டே வரிகள். தன் ஆயா முக்கியமான தாள்களை உயரத்தில் கட்டி வைப்பாராம். இப்போது தன் அம்மாவும் அப்படியே செய்திருக்கிறாராம், அலமாரியின் உச்சியில், தண்ணீர் புகாத பெட்டியில்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தையல் இயந்திரத்தடியிலிருந்து அந்த டின்னை எடுத்தேன். ஊசியும் நூலும் வேறு டப்பாவுக்கு மாறின. துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறப்புப் பத்திரங்களைப் பையில் சுற்றி உள்ளே வைத்தேன். எங்கள் வீட்டில் உத்தரம் இல்லை. மேல்மாடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "அத்தை வச்ச இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்திடுச்சு" என்றார்.

உங்கள் வீட்டுத் தாள்கள் இன்று எந்த உயரத்தில் இருக்கின்றன? இக்கட்டுரையை மூடிவிட்டு ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள்.